பீட்டா போடலாமா: ஆறு வருடமாகப் போட்டுப் பார்த்தவனின் கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கையில் இருப்பது ஒரே ஒரு போன் என்றால் அதில் பீட்டா, அதாவது இயங்குதளத்தின் இறுதி வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு, போடாதீர்கள். புத்திமதி சொல்லும் ஆசையெல்லாம் எனக்கு இல்லை, பட்ட கடுப்பில் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இரண்டாவது பீட்டாவுக்கு மாறிவிட்டு, காலை ஐந்தரைக்கு அலாரம் வைத்துவிட்டுப் படுத்தேன். எழுந்தபோது மணி ஏழே முக்கால். திரையைப் பார்த்தால் அலாரம் சரியான நேரத்துக்கே வந்திருக்கிறது, அந்தப் பட்டை இரண்டே கால் மணி நேரமாகத் திரையில் ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது, சத்தம் மட்டும் வரவில்லை. யார் தயாரிப்பு என்பது இங்கே முக்கியமில்லை. அன்றைக்கு நான் திட்டியதை இங்கே எழுதவும் முடியாது.

அதற்குப் பிறகும் விட்டேனா என்றால், இல்லை. மேஜை இழுப்பறையில் கிடந்த பழைய போனைத் துடைத்து எடுத்து, அடுத்த வாரமே அதில் அதே பீட்டாவைப் போட்டேன். இன்றுவரை அப்படித்தான் ஓடுகிறது: ஒரு பழைய போன், ஒரு பழைய லேப்டாப், இரண்டிலும் எப்போதும் ஏதாவது ஒரு அரைவேக்காட்டுப் பதிப்பு. ஆறு வருடத்தில் எல்லா வகையையும் பார்த்துவிட்டேன் என்பதால், ஒரு கடையை எடை போடுவதுபோல இந்தப் பொது பீட்டா சேவையை எடை போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. சேவை என்றுதான் சொல்ல வேண்டும். அவர்கள் நமக்கு மூன்று நான்கு மாதம் முன்னாடியே புதுசைக் கொடுக்கிறார்கள், பதிலுக்கு நாம் நம் நேரத்தையும் பேட்டரியையும் சில சமயம் ஃபைல்களையும் கொடுக்கிறோம். இந்தப் பண்டமாற்று நியாயமானதுதானா?

ஒரு காலத்தில் இதற்குக் காசே வாங்கினார்கள் என்பதை இப்போது சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். 2000 செப்டம்பரில் ஆப்பிள் தன் மேக் ஓஎஸ் டென்னின் பொது பீட்டாவை 29.95 டாலருக்கு விற்றது. பிழை இருக்கும் என்று தெரிந்தே, காசு கட்டி, வட்டு வாங்கி, போட்டுப் பார்த்து, குறையும் எழுதி அனுப்ப வேண்டும். அதுவும் 2001 மே மாதத்தோடு காலாவதி. ஆனால் அந்தக் கூத்திலும் ஒரு நல்லது நடந்தது. அந்த பீட்டாவில் மேல்பட்டையின் நட்டநடுவில் ஆப்பிள் சின்னத்தை வெறும் அலங்காரமாக ஒட்டி வைத்திருந்தார்கள், அழுத்தினால் ஒன்றும் திறக்காது. அதற்கு முன்பு வரை இடது ஓரத்தில் ஆப்பிள் மெனுவைத் திறந்து பழகிய கைகள் சும்மா இருக்குமா? காசு கட்டியவர்கள் கத்தினார்கள். 2001 மார்ச்சில் இறுதிப் பதிப்பான 10.0 வெளிவந்தபோது சின்னம் இடது ஓரத்துக்குப் போய் மறுபடியும் மெனுவாகிவிட்டது. இன்றைக்கும் மேக்கில் அது அங்கேதான் இருக்கிறது.

எனக்குப் பிடித்த பீட்டா என்றால் 2009 ஜனவரியில் வந்த விண்டோஸ் 7 பீட்டாதான். முதலில் 25 லட்சம் பேருக்கு மட்டும் என்று மைக்ரோசாஃப்ட் வரம்பு வைத்தது, கூட்டம் முண்டியடித்து சர்வர்கள் மூச்சுத் திணறியதும் வரம்பையே தூக்கிவிட்டது. அதன் திரையின் பின்னணிப் படமாக ஒரு மீன் வைத்திருந்தார்கள், பெட்டா மீன். பீட்டாவுக்குப் பெட்டா, யாரோ சிரித்துக்கொண்டே செய்த வேலை. ஆனால் அந்த மீனுக்குப் பின்னால் ஒரு பூதமும் இருந்தது: எம்பி3 பாட்டுகளின் தொடக்கத்தில் சில நொடிகளை நிரந்தரமாக வெட்டிவிடும் ஒரு பிழை. வருடக்கணக்காகச் சேர்த்த பாட்டுத் தொகுப்பை மீடியா ப்ளேயரிடம் காட்டினால் போதும், முதல் வரி போய்விடும். உடனே ஒரு திருத்தம் வெளியிட்டார்கள், பாட்டுகளை முதலில் வேறெங்காவது நகல் எடுத்து வையுங்கள் என்றும் எச்சரித்தார்கள். அப்புறம், காலாவதி நெருங்கியபோது அந்த பீட்டா இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக அணைந்துவிடும். வாடகை தராதவர் வீட்டில் மின்சாரத்தை வெட்டுவது மாதிரி. கடுப்பாகத்தான் இருக்கும், ஆனால் காலாவதியான பீட்டாவில் வருடக்கணக்காக ஓட்டிக்கொண்டிருப்பவர்களை வேறு எப்படித்தான் கிளப்புவது?

சரி, இத்தனை பெரிய கம்பெனிகள், இவர்களிடம் சோதனை செய்ய ஆள் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. ஆள் இருக்கிறார்கள், ஆயிரக்கணக்கில் இயந்திரங்களும் இருக்கின்றன. ஆனால் இயங்குதளம் என்பது தனியாக ஓடும் சாமான் இல்லை. அதன் கீழே பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு வைஃபை சிப் இருக்கும், மேலே யாரோ எழுதிவிட்டு மறந்துபோன ஒரு பிரின்டர் டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) இருக்கும், நடுவில் பயனர் எதையோ படித்துவிட்டு மாற்றி வைத்த நாலு செட்டிங்ஸ் இருக்கும். இந்த மூன்றும் எந்தெந்த விதத்தில் சேர்ந்து வரும் என்பதை எந்த ஆய்வகத்திலும் அடுக்கி வைக்க முடியாது.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 2008 செப்டம்பரில் லினக்ஸ் உலகில் நடந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 2.6.27 பதிப்பு வெளிவருவதற்கு முந்தைய சோதனைப் பதிப்புகளை வைத்து, லினக்ஸ் இயங்குதளங்களைத் தரும் உபுண்டு, ஓப்பன்சூசே, மாண்ட்ரிவா எல்லோரும் தங்கள் சோதனை வெளியீடுகளைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று சிலருடைய லேப்டாப்பில் இன்டெல் நெட்வொர்க் கார்டு செத்துப்போனது. வேலை செய்யவில்லை என்பதோடு போகவில்லை, கார்டின் உள்ளே தன் அமைப்புகளை எழுதி வைத்திருக்கும் சின்ன நினைவகமே நாசமாகிவிட்டது. பழைய பதிப்பைத் திரும்பப் போட்டாலும் கார்டு உயிர் பெறாது. மென்பொருள் வன்பொருளைக் கொன்றது.

பழி முதலில் ஈ1000ஈ என்ற அந்தக் கார்டின் டிரைவர் மேல்தான் விழுந்தது. செத்தது கார்டு, அதைத் தொடும் மென்பொருள் டிரைவர், வேறு யாரைச் சந்தேகிப்பது? கடைசியில் பிடிபட்டது சம்பந்தமே இல்லாத ஓர் ஆசாமி: கெர்னலுக்குள் எந்தக் கட்டளை எப்போது ஓடுகிறது என்று வேவு பார்க்கும் எஃப்டிரேஸ் என்ற கருவி. அது ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நினைவகத்திலேயே திருத்தி எழுதும். ஏற்கெனவே காலி செய்யப்பட்ட ஒரு முகவரியை இன்னும் நிரல் இருக்கும் இடம் என்று நினைத்து அது எழுத, அந்த முகவரி அதற்குள் நெட்வொர்க் கார்டின் நினைவகத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. குடி மாறிப்போன வீட்டுக்குள் பழைய சாவியைப் போட்டு நுழைந்து சாமானை உடைத்த கதை. ஆய்வகத்தில் இரண்டு கருவிகளையும் தனித்தனியாகச் சோதித்தால் இரண்டும் பாஸாகிவிடும். சோதனைப் பதிப்பை நிஜ லேப்டாப்பில் போட்டுப் பார்த்தவர்கள் சிலருடைய கார்டு செத்ததால்தான், இறுதிப் பதிப்பைப் போட்ட லட்சக்கணக்கானவர்களுடையது தப்பியது. அந்தச் சிலருக்கு யாரும் மாலை போடவில்லை. பீட்டாவின் மதிப்பு என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தச் செத்த கார்டுகள்தான்.

இதற்கு நேர் எதிரான கதையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இது விமர்சனம் ஆகாது, விளம்பரம் ஆகிவிடும்.

2014 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் இன்சைடர் என்ற நிரந்தரச் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் சேரலாம், அடிக்கடி புதுப் பதிப்பு, குறை சொல்ல ஃபீட்பேக் ஹப் என்று ஓர் ஆப். பெருங்கூட்டம் சேர்ந்தது. அப்படி ஒரு படையே சோதித்துக்கொடுத்த பிறகுதான் 2018 அக்டோபர் 2 அன்று விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு வெளிவந்தது. வந்த சில நாளிலேயே நிறுத்தினார்கள். காரணம், சிலருடைய டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர் மொத்தமாகக் காணாமல் போயிருந்தது. படங்கள், கணக்கு வழக்கு, எல்லாம்.

எப்படி நடந்தது என்பதுதான் வேடிக்கை. விண்டோஸில் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களை சி டிரைவிலிருந்து டி டிரைவுக்கோ வேறு இடத்துக்கோ மாற்றி வைக்கும் வசதி உண்டு. அப்படி மாற்றியவர்களில் சிலர் முந்தைய பதிப்பில் ஒரு புகார் சொன்னார்கள்: பழைய இடத்தில் அதே பெயரில் காலி ஃபோல்டர் ஒன்று தேவையில்லாமல் நிற்கிறது என்று. நியாயமான புகார். மைக்ரோசாஃப்ட் அதைக் கேட்டு, 1809-இல் அந்தக் காலி ஃபோல்டரை நீக்கிவிடும் நிரலைச் சேர்த்தது. ஆனால் சிலர் இடத்தை மாற்றும்போது பழைய ஃபைல்களை நகர்த்தாமல் அங்கேயே விட்டிருந்தார்கள், அந்த ஃபோல்டர் காலி இல்லை. துடைப்பம் வந்து கூட்டியது, உள்ளே இருந்தது குப்பையா தங்கமா என்று பார்க்கவில்லை. பயனர் கருத்தைக் கேட்டுச் செய்த திருத்தமே பயனரின் ஃபைலைத் தின்றுவிட்டது என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

இன்னும் வயிறெரிய வைக்கும் விஷயம், வெளியீட்டுக்கு மாதங்கள் முன்பே சில இன்சைடர்கள் ஃபீட்பேக் ஹப்பில் ஃபைல்கள் போய்விட்டன என்று எழுதியிருந்தார்கள். அந்த ஆப்பில் ஒரு புகார் மேலே வர வேண்டுமென்றால் மற்றவர்கள் அதற்கு ஓட்டுப் போட வேண்டும். ஃபோல்டரை இடம் மாற்றி, பழைய ஃபைலையும் அங்கேயே விட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? மைக்ரோசாஃப்ட்டே பின்னால் சொன்ன கணக்குப்படி, ஃபைல் போனதாகப் புகார் வந்தது பதிப்பைப் போட்டவர்களில் ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்கு. அவர்கள் போடும் நாலு ஓட்டு, ஏதோ ஒரு ஐகான் நிறம் பிடிக்கவில்லை என்ற புகாருக்கு விழுந்த நாலாயிரம் ஓட்டுக்கு அடியில் புதைந்துபோகும். போதாக்குறைக்கு, வெளியீட்டுக்கு முன் கடைசியாகச் சலித்துப் பார்க்கும் ரிலீஸ் ப்ரிவியூ கட்டத்தையே அந்த முறை தாண்டிக் குதித்து நேராகக் கொடுத்துவிட்டார்கள். நவம்பர் 13 அன்று திருத்திய பதிப்பு வந்தது. ஃபீட்பேக் ஹப்பிலும் ஒரு மாற்றம் வந்தது: புகார் எழுதும்போது பாதிப்பு எவ்வளவு கடுமை என்று குறிக்க ஓர் இடம். ஃபைல் அழிவதும் ஐகான் நிறமும் ஒரே தட்டில் வைக்கக்கூடியவை இல்லை என்று கண்டுபிடிக்க ஒரு விபத்து தேவைப்பட்டிருக்கிறது.

இதனால்தான் 'எங்கள் பீட்டாவில் இத்தனை லட்சம் பேர்' என்று எந்தக் கம்பெனி பெருமையடித்தாலும் எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றுவதில்லை. எத்தனை காது கேட்டுக்கொண்டிருக்கிறது என்று சொல்லுங்கள், அப்போது பார்ப்போம். பீட்டாவுக்கு வருகிறவர்களும் ஒரே மாதிரிப் பேர்வழிகள்தான், என்னையும் சேர்த்து. புது போன், வேகமான இணையம், ஆங்கில மெனு, அப்டேட் வந்த அன்றே போட்டுவிடும் அரிப்பு. பழைய பிரின்டரும் நிரம்பி வழியும் டிரைவும் வைத்துக்கொண்டு, வந்த அப்டேட்டை மூன்று மாதம் தள்ளிப்போடும் மனிதர் பீட்டா பக்கமே வரமாட்டார். இறுதிப் பதிப்பு உடைவது அவருக்குத்தான்.

ஆங்கில மெனு என்றதும் ஞாபகம் வருகிறது. என் ஆறு வருட பீட்டா வாழ்க்கையில் உருப்படியாகச் செய்தது என்று நான் நினைக்கும் ஒரே காரியம் தமிழ் எழுத்து சம்பந்தப்பட்டது.

ஒரு போன் இயங்குதளத்தின் பீட்டாவில் குறிப்புகள் எழுதும் ஆப்பைத் திறந்தேன். பழைய குறிப்பு ஒன்றில் 'கொடுத்தது' என்று இருந்த இடத்தில் முதலில் 'கெ', அதற்குப் பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம், அந்த வட்டத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு துணைக்கால் என்று நின்றது. அதே பக்கத்தில் புதிதாக நான் தட்டிய 'கொடுத்தது' சரியாக வந்தது. முதலில் எழுத்துரு கோளாறு என்று நினைத்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால் விஷயம் வேறு. ஒகரக் குறியை யூனிகோடில் (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுமுறை) இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறிகளை அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். இரண்டும் ஒன்றுதான், திரையில் ஒரே மாதிரிதான் தெரிய வேண்டும். என் பழைய குறிப்பு வேறொரு விசைப்பலகையில் தட்டியது, அது இரண்டு குறிகளாக எழுதும் ரகம். பீட்டாவில் புதிதாக மாற்றியிருந்த எழுத்து வரையும் பகுதி இரண்டாவது குறியை அநாதை என்று நினைத்து அதற்கு ஒரு வட்டத்தைத் துணைக்குக் கொடுத்திருக்கிறது.

முதலில் நான் எழுதி அனுப்பிய புகார் இது: 'தமிழ் எழுத்துகள் உடைகின்றன.' ஒரு ஸ்கிரீன்ஷாட். அவ்வளவுதான். பதில் இல்லை, வரவும் வராது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத் தமிழ் தெரியாது, அவர் படத்தைப் பார்த்தால் எது உடைந்தது எது உடையாதது என்று எப்படித் தெரியும்? அவருக்கு வட்டமும் ஓர் எழுத்துதான். பத்து நாள் கழித்து உட்கார்ந்து ஒழுங்காக எழுதினேன். எந்தப் பதிப்பு, எந்த ஆப், எந்த இரண்டு குறிகள், அவற்றின் யூனிகோட் எண்கள், அப்படியே நகலெடுத்து ஒட்டிப் பார்க்க ஒரே ஒரு சொல், பழைய பதிப்பில் எப்படித் தெரிந்தது என்று ஒரு படம், இப்போது எப்படித் தெரிகிறது என்று ஒரு படம், இரண்டிலும் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு. மூன்றாவது பீட்டாவில் அனுப்பினேன். நான்காவதில் மாற்றமில்லை. ஐந்தாவதில் வட்டம் இல்லை. நன்றி என்று ஒரு வரிகூட வரவில்லை, புகார் 'முடிக்கப்பட்டது' என்று மட்டும் மாறியிருந்தது. என்னால்தான் சரியானதா, வேறு யாராவதும் எழுதினார்களா, அதெல்லாம் கடவுளுக்கே வெளிச்சம். ஆனால் அன்று முழுக்க அந்தக் 'கொ'வைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, சரி, கொஞ்சம் பெருமைதான். ஆனால் பாயின்ட் என்னவென்றால், அந்தப் பிழையைத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் தன் பழைய குறிப்புகளைத் திறந்து பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும். நாம் ஆங்கிலத்தில் மெனு வைத்துக்கொண்டு பீட்டா ஓட்டினால், ஆங்கிலம் பேசுகிறவர்கள் ஏற்கெனவே பத்தாயிரம் தடவை கண்டுபிடித்ததையே பத்தாயிரத்து ஒன்றாவது தடவை கண்டுபிடிப்போம். பீட்டா போடுகிற தமிழர்கள் போன் மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டுப் போடுங்கள். பொத்தானுக்குள் அடங்காமல் பாதியில் வெட்டுப்படும் சொற்கள், மேல்விலங்கு அறுபட்ட 'கி', தேடினால் கிடைக்காத தொடர்புப் பெயர்கள் என்று முதல் மணி நேரத்திலேயே வேட்டை அமோகமாக இருக்கும்.

அழகு விஷயத்தில் மட்டும் எல்லாக் கம்பெனிக்கும் காது கூர்மை. 2021-இல் ஆப்பிள் ஐஓஎஸ் 15 பீட்டாவில் சஃபாரி உலாவியின் முகவரிப் பட்டையைக் கீழே இறக்கி மிதக்கவிட்டது. ஜூனில் தொடங்கிய கூச்சல் பீட்டாவுக்கு பீட்டா ஏறி, ஆகஸ்ட்டில் 'வேண்டுமென்றால் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள்' என்று வழி விட்டார்கள். 2025-இல் கண்ணாடித் தோற்றம் வந்தபோதும் இதே கூத்துதான், எழுத்து தெரியவில்லை என்று கத்தியதும் கண்ணாடியை மங்கலாக்கினார்கள், அழகு போச்சு என்று இன்னொரு கூட்டம் கத்தியதும் மறுபடி தெளிவாக்கினார்கள். எனக்கு இதில் புகார் ஒன்றும் இல்லை, எல்லோர் கண்ணிலும் படுவதைப் பற்றி எல்லோரும் பேசுவது இயல்புதான். ஆனால் பட்டை கீழே இருந்தால் யாருடைய கல்யாணப் படமும் அழியாது.

இந்தச் சேவையின் மோசமான பகுதி எது என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: வெளியே வரும் வாசல். உள்ளே வர ஒரு பொத்தான். வெளியே போக?

ஆண்ட்ராய்டு பீட்டாவிலிருந்து பாதியில் விலகினால் போனில் இருக்கும் எல்லாம் துடைக்கப்படும். துடைக்காமல் வெளியேற வேண்டுமென்றால் இறுதிப் பதிப்பு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து, அது வந்ததும், அடுத்த பீட்டாவைப் போடுவதற்கு முன் விலக வேண்டும். இந்த இடைவெளியைத் தவறவிட்டு அடுத்த சுற்றுக்குள் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐபோனில் கணினியோடு இணைத்துப் பழைய பதிப்பைப் போடலாம், ஆனால் பீட்டாவில் எடுத்த பேக்கப் பழைய பதிப்பில் ஏறாது. பீட்டா போடுவதற்கு முன்பே கணினியில் ஒரு பேக்கப் எடுத்து, அது புதிய பேக்கப்பால் அழிந்துபோகாமல் தனியாக ஒதுக்கி வைத்திருந்தால் தப்பித்தீர்கள். ஆப்பிள் வாட்ச் கதை இன்னும் மோசம், நாமாகப் பழைய பதிப்புக்குத் திரும்பவே முடியாது. விண்டோஸில் மிக ஆரம்பகட்டப் பதிப்புகளைத் தரும் டெவ், கேனரி சேனல்களில் ஏறிவிட்டால் இறங்கப் பெரும்பாலும் மொத்தமாக அழித்துப் புதிதாகப் போடுவதுதான் வழி. பீட்டா, ரிலீஸ் ப்ரிவியூ சேனல்கள் அவ்வளவு கொடூரம் இல்லை, புதிதாகச் சேர்கிறவர்கள் ரிலீஸ் ப்ரிவியூவோடு நிறுத்திக்கொண்டால் போதும்.

இந்த விஷயத்தில் லினக்ஸ்காரர்களுக்குத்தான் என் முழு மதிப்பெண். ஃபெடோராவின் பீட்டாவோ உபுண்டுவின் பீட்டாவோ, ஒரு பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே லேப்டாப்பைக் கிளப்பிப் பார்க்கலாம். ஹார்ட் டிஸ்க்கைத் தொடவே வேண்டாம். வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா, மூடித் திறந்தால் உறக்கத்திலிருந்து எழுகிறதா என்று அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டு, எழுத வேண்டியதை எழுதிவிட்டு, பென் டிரைவைப் பிடுங்கினால் கதை முடிந்தது. எழுதிய புகாரைத் திறந்த பட்டியலில் யாரும் பார்க்கலாம், யார் அதைக் கையில் எடுத்தார், என்ன கேட்டார், ஏன் மூடினார் என்பதெல்லாம் கண்முன்னே நடக்கும். திட்டுகூட வாங்கலாம். கல்லறையில் கடிதம் போட்டுவிட்டு வந்த மாதிரி இருக்காது.

ஆப் எழுதுகிறவர்களுக்கு இந்த மாதங்கள் எவ்வளவு அவசியம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை, இறுதிப் பதிப்பு வரும் நாளில் அவர்கள் ஆப் சரியாகத் திறக்க வேண்டுமென்றால் இப்போதே சோதித்தாக வேண்டும். ஆனால் பீட்டா போட்டவர்களில் ஒரு ரகம் இருக்கிறது, பீட்டாவால் ஆப் உடைந்ததும் ஓடிப்போய் அந்த ஆப்புக்கு ஒற்றை நட்சத்திரம் குத்திவிட்டு வரும் ரகம். இவர்கள் தொல்லை தாங்காமல் 2015-இல் ஐஓஎஸ் 9 பீட்டாவின்போது, பீட்டாவில் இருப்பவர்கள் ஆப் ஸ்டோரில் விமர்சனம் எழுதுவதையே ஆப்பிள் அடைத்துவிட்டது. சரியான வேலை.

போட்டுத்தான் ஆவேன் என்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து இரண்டு மூன்று விஷயம். முதல் இரண்டு பீட்டாவை விட்டுவிடுங்கள், அலாரம் ஊமையாவது எல்லாம் பெரும்பாலும் அங்கேதான். வங்கி ஆப்பை பீட்டா போனில் நம்பாதீர்கள், சில ஆப்கள் பீட்டா என்று தெரிந்ததும் திறக்கவே மறுக்கும், கடை வாசலில் பணம் கட்டும்போதுதான் அது உங்களுக்குத் தெரியவரும். போட்ட முதல் இரண்டு நாள் பேட்டரி கரைகிறது என்று புகார் எழுதாதீர்கள், படங்களையும் ஃபைல்களையும் உள்ளே மறுபடி அட்டவணை போட்டுக்கொண்டிருக்கும், மூன்றாவது நாளும் கரைந்தால் எழுதுங்கள். எழுதும்போது ஒரு புகாரில் ஒரு பிழை. 'இது வேலை செய்யவில்லை, அதுவும் வேலை செய்யவில்லை, இன்னொன்றும்' என்று மூட்டை கட்டி அனுப்பினால் அதை எந்தக் குழுவுக்கு அனுப்புவது என்று தெரியாமல் மூலையில் வைத்துவிடுவார்கள். முக்கியமாக, ஃபைல் அழிந்தது போன்ற விஷயமென்றால் தலைப்பிலேயே அதைச் சொல்லுங்கள், கடுமையைக் குறிக்க இடமிருந்தால் உச்சத்தில் வையுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

மதிப்பெண் கொடு என்றால், லினக்ஸ் பீட்டாக்களுக்கு ஐந்துக்கு நாலரை. அரை குறைத்தது பிரின்டருக்காக, விளக்கம் கேட்காதீர்கள். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் மூன்று, வாசல் கதவுக்காகக் குறைத்தேன். விண்டோஸ் இன்சைடருக்கும் மூன்றுதான், ஆனால் 1809-ஐ மறந்துவிட்ட நாளில் மூன்றரை.

அந்த அலாரம் புகாரையும் அன்றே எழுதித்தான் அனுப்பியிருந்தேன், மூன்றே வரியில், பாதி கோபம், பாதி தூக்கக் கலக்கம். பிழை அடுத்த பீட்டாவிலேயே போய்விட்டது, இறுதிப் பதிப்பும் வந்து, அதற்கடுத்த வருடத்துப் பதிப்பும் வந்துவிட்டது. புகார் மட்டும் இன்றைக்கும் பட்டியலில் 'பரிசீலனையில்' என்றே நிற்கிறது. நேற்றுகூடப் பார்த்தேன், கீழே புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: இந்தப் பிழை இப்போதும் வருகிறதா என்று சொல்லுங்கள்.